தெக்குமூலை மாமரத்துல கோடாலி வச்ச நாளு

மெஷின் வாள அணைச்சுப் போட்டு இப்பிடி நிழலுல வந்து இரிங்க மக்கா. அது ஓடும்போ நான் பேசினா எனக்கே கேக்கல்ல, பொறவு உங்களுக்கு எங்க கேக்க? இடுப்புல பெல்ட்டு, தலையில தொப்பி, கையில உறை, எல்லாம் கொள்ளாம், நல்லதுதான். எங்க காலத்துல தலையில ஒரு துவர்த்துத் துண்டு உண்டு. வெயிலுக்கும் அது, வேர்வைக்கும் அது, விழுந்தா மூஞ்சிய மூடதுக்கும் அதுதான்.

உங்க கூட்டத்துல ஒருத்தன் முந்தாநாளு கேட்டான், "பாட்டா, நீரு இருந்த கொப்பையே வெட்டி விழுந்தேராமே, உள்ளதா?" எண்ணு. அது பச்சப் பொய். இருந்த கொப்ப நான் வெட்டினதே இல்ல. நான் செஞ்சது அதவிடப் பெரிய மடத்தனம். உயிரோட கெடந்த ஒரு மனுசனுக்கு ஊரக் கூட்டி ஒப்பாரி வச்சுக் குடுத்தேன். அதச் சொல்லுகேன். காப்பி வந்தா எனக்குக் கொஞ்சம் சீனி கூட்டிப் போடச் சொல்லுங்க.

நம்ம பக்கம் தமிழ்நாட்டோட சேரதுக்கு முன்னால உள்ள காலம். மலையில தடி வெட்டுக சோலிய விட்டுட்டு, வீட்டு மரங்கள ஒதுக்குக சோலிக்கு நான் வந்து கொஞ்ச நாளுதான் ஆச்சு. மலையில மரத்தச் சாய்ச்சாப் போரும். எங்க விழுந்தாலும் கேக்க ஆளு இல்ல. வீட்டு மரம் அப்பிடியில்ல. இங்கோட்டு விழுந்தா ஓடு, அங்கோட்டு விழுந்தா கெணறு, நடுவுல விழுந்தா பக்கத்து வீட்டுக்காரன் வச்ச வாழை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும் எண்ணு நான் நெனச்சிருந்தேன்.

தோவாளைக்குக் கெழக்க ஒரு ஊரு. பூந்தோட்டமும் வயலுமா கெடக்கும். அங்க ஒரு பெரியவரு. வயசு எழுவது தாண்டியாச்சு, காது ரெண்டும் மந்தம், ஆனா தொண்டை மட்டும் கோயில் சேங்கலம் அடிச்சதுபோல. அவரு அந்த வருசம் ஓலைய மாத்தி வீட்டுக்கு ஓடு போட்டிருந்தாரு. கொல்லத்துலருந்து வண்டி வச்சுக் கொண்டுவந்த ஓடு. வாறவன் போறவன எல்லாம் நிறுத்தி மேல பாக்கச் சொல்லுவாரு. நானும் பாத்தேன். ஓடுதான். செவப்பா இருந்து. ஆனா அவருக்கு அது ஒவ்வொண்ணும் பெத்த பிள்ளை கணக்கு.

வீட்டுக்குத் தெக்குமூலையில ஒரு மாமரம். அதுல பெரிய கொப்பு ஒண்ணு முற்றத்துக்குக் குறுக்க நீண்டு, நுனி போயி ஓட்டு மேல கெடந்து. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா ஆனி ஆடியில காத்து எறங்கினா அந்தக் கொப்பு ஓட்டத் தூத்து வாரிப்போடும். அந்தக் காத்த நீங்களும் கண்டிருக்கியள்லா, நடக்கப்பட்ட ஆளையே தள்ளிக் கொண்டுபோகும். அதுக்கு முன்னால கொப்ப எறக்கணும். ஒரு ஓடு ஒடையப்பிடாது. அதுதான் பேச்சு.

இன்னொண்ணு நீங்க தெரியணும். அந்தப் பக்கத்துல வீட்டுக்கு மூத்தவங்க தெக்குமூலையில ஒரு மாமரம் வச்சு வளப்பாவ. மாங்காயும் திங்கலாம், நிழலும் உண்டு. ஆனா அவங்க கண்ண மூடினா அந்த மரத்த வெட்டித்தான் சிதைக்கு வெறகு. இவரும் அதுக்குத்தான் வச்சிருந்தாரு. அதுனால கொப்ப வெட்டச் சொல்லியாச்சு, ஆனா மனசு இல்ல.

"ஏலே, அதிகம் வெட்டாத. எனக்க மரம் அது. ஒரு கொப்பு கொறஞ்சா எனக்க ஒரு காலு வேகாமக் கெடக்கும் கேட்டியா?"

"வெட்டின கொப்ப அடுக்கி வச்சுத் தாறேன் பாட்டா. உமக்குள்ளது உமக்குத்தான்."

"கறையான் அரிக்காம அடுக்கணும்."

மகனும் மருமகளும் குழித்துறையில மருமகளுக்க வீட்டுக்குப் போயிருந்தாவ. இவரு மட்டும்தான் வீட்டுல. சும்மா இருப்பாரா? கம்ப ஊணிக்கிட்டு நேரா கொப்புக்குக் கீழ வந்து நின்னு, "அங்க வெட்டு, இங்க வெட்டு" எண்ணு சத்தம். நான் ஒரு காரியம் செஞ்சேன். காதுக்குள்ள வாயை வச்சு, "பாட்டா, உள்ள போயி கதவத் தாப்பாப் போட்டுட்டுக் கெழக்கு அறையில படுத்துக்கிடும். நான் வந்து விளிக்காம தொறக்கப்பிடாது" எண்ணு சொல்லி உள்ள அனுப்பிட்டேன். நல்ல புத்தி எண்ணு எனக்கே என்மேல ஒரு மதிப்பு வந்து. அந்தப் புத்திதான் பொறவு எனக்க கழுத்தப் பிடிச்சுது.

எனக்க கூட்டாளி தங்கையன். நல்ல பலசாலி, ஆனா செத்தவங்கள நெனச்சா பயப்படுவான். மரிப்பு வீட்டு வழியாப் போகணும்னா ரெண்டு வயல் சுத்திப் போவான். அவனுக்கு வடம் பிடிக்கது சோலி. கொப்புல வடத்தக் கெட்டி, எனக்குத் தலைக்கு மேல உள்ள கவட்டை வழியா விட்டு, கீழ நின்ன பலாமரத்து மூட்டுல, அடித்தடியில, ஒரு சுத்து சுத்தி அவன் பிடிச்சுக்கிடணும். நான் வெட்ட வெட்ட, அவன் பைய விட விட, கொப்பு பச்சப் பிள்ளையத் தொட்டில்ல கெடத்துக மாதிரி முற்றத்துல எறங்கும்.

இதுல வாளு வச்சு அறுத்தா சத்தமில்லாமத் தீரும். தங்கையன் வாள நீட்டவும் செஞ்சான். நான் சொன்னேன், "வாளு வேண்டாம், கோடாலி தா." என்னத்துக்குத் தெரியுமா? ஊரு புதுசு. கோடாலிச் சத்தம் நாலு தெருவுக்குக் கேக்கணும், மரம் ஒதுக்க ஒருத்தன் வந்திருக்கான்னு நாலுபேரு அறியணும், அடுத்த சோலி தன்னால வரும். இப்பம் நீங்க போன் நம்பர் எழுதின போர்டு வைக்கேள்லா? எனக்கு அண்ணைக்குக் கோடாலிதான் போர்டு.

வெடிஞ்ச உடனே தொடங்கினேன். சும்மா சொல்லப்பிடாது, நல்ல சத்தம். அந்தால மலையில தட்டித் திரும்பி வந்து.

தெக்குமூலை மாமரம். காலம்பற கோடாலிச் சத்தம். அந்த ஊருல அதுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் மக்கா. எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். நான் மரத்தப் பாத்தேன், ஓட்டப் பாத்தேன், காத்து எங்க நிக்குன்னு பாத்தேன். ஊர மட்டும் பாக்கல்ல.

முதல்ல வந்தவரு மேலத்தெரு வெத்திலைக் கடைக்காரரு. முற்றத்துல வந்து தோள்துண்ட எடுத்து இடுப்புல கெட்டிட்டு, ஒரு ஓரமாப் போயி நின்னாரு. எவனோ வேடிக்கை பாக்க வந்திருக்கான், அடுத்த சோலிக்கு ஆளு வந்தாச்சுன்னு நான் இன்னும் ஓங்கி ரெண்டு வெட்டு. பொறவு பொம்பளையள் வந்தாவ, தலைமுடிய அவுத்துப் போட்டுட்டு. ஒருத்தன் மூங்கிலோட வந்தான். இன்னொருத்தன் பச்சத் தென்னோலை ரெண்டு வெட்டி இழுத்துட்டு வந்தான், பாடைக்கு. அப்பம்தான் எனக்க மண்டையில உதிச்சுது.

"பாட்டா சாவல்ல!" எண்ணு மேலருந்து விளிச்சேன்.

வெத்திலைக் கடைக்காரரு நிமிந்து பாத்தாரு. கண்ணு நெறஞ்சு கெடக்கு. "எங்களுக்கும் நம்ப முடியல்ல மக்கா. நேத்து அந்தியிலகூட வந்து வெத்திலை வாங்கிட்டுப் போனாரு."

"அய்யோ, உள்ளபடியே சாவல்ல வே!"

"ஆமா மக்கா. அப்பிடிப்பட்ட ஆளு சாவதில்ல. நம்ம மனசுல இருப்பாரு."

மூங்கில் கொண்டுவந்தவன் வேற மாதிரி. "ஏ மரக்காரா, கொப்ப வச்சு என்ன செய்ய? மூட்டோட சாய்க்கணும்லா! வெளங்காதவனா இருக்கியே!" எண்ணு எனக்கே தொழில் சொல்லித் தாறான்.

ரெண்டுபேரு போயி கதவத் தட்டினாவ. தொறக்குமா? நான்தானே தாப்பாப் போடச் சொன்னேன். பாட்டாவுக்கு இடி விழுந்தாலும் கேக்காது. "உள்ள குளிப்பாட்டிக்கிட்டு இருப்பாவ, தட்டாதே" எண்ணு ஒருத்தரு சொல்லி, எல்லாரும் முற்றத்துல இருந்தாச்சு. எங்க இருப்பாவ? நிழல்ல. நிழலு எங்க? நான் பாதி வெட்டின கொப்புக்கு நேர கீழ.

அதுக்குள்ள தங்கையன் செஞ்ச காரியத்தக் கேளுங்க. ஒப்பாரிச் சத்தம் வந்த உடனே, நாங்க வெட்டிக்கிட்டு இருக்கும்போதே உள்ள பாட்டா போயிட்டாரு எண்ணு அவன் நம்பிட்டான். வடத்தப் பைய, பாய மடக்கி வைக்கது மாதிரி, தரையில வச்சுட்டு, தலைத் துவர்த்த அவுத்துக்கிட்டு, தனியா நிக்கப் பயந்து ஆளுகளோட போயி நின்னு கண்ணீர் விட்டுக் கரையுகான். பலா மூட்டுல உள்ள சுத்து நழுவித் தானா அவுருது. வடம் எனக்க மூக்குக்கு முன்னால சர்ருன்னு ஓடுது. நான் எட்டிப் பிடிச்சு, பக்கத்துல இருந்த ஒரு கட்டைக் கொப்புல ரெண்டு சுத்து சுத்தி, இடது கையால முறுக்கிப் பிடிச்சேன். கொப்பு கீய் எண்ணு ஒரு சத்தம் போட்டுட்டு நின்னு. நின்னுதுன்னா எப்பிடி? வெட்டுன வாய் விரிஞ்சு விரிஞ்சு வருது. எவ்வளவு நேரம் நிக்கும்னு எனக்கும் தெரியாது, அதுக்கும் தெரியாது.

அந்த நேரம் பாத்து முசுறுக் கூடு ஒண்ணு ஒடஞ்சு, செவத்த எறும்பு பூரா எனக்க கையில. சொறிஞ்சா வடம் போவும். சொறியல்லன்னா உயிரு போவும்.

"கொப்பு விழும்! மாறுங்க! மாறுங்க!" எண்ணு தொண்டை கிழிய விளிச்சேன். ஆம்பளையள் மாறினாவ. கொப்பு இன்னொரு சத்தம் போட்டதுல பொம்பளையளும் எழும்பி ஓடினாவ. ஒருத்தி மட்டும் எழும்பல்ல. அது அவருக்க தங்கச்சி. அடுத்த தெருதான் வீடு, ஆனா அந்த முற்றத்துல அவ காலு வச்சு ரொம்ப வருசம். அண்ணன் மகன் கல்யாணத்துல அவளுக்கு ரெண்டாம் பந்தியில எல போட்டுட்டாவ. அதுதான் பிணக்கு. கூடப்பிறந்தவளுக்கு ரெண்டாம் பந்தியா எண்ணு அண்ணைக்குக் கையக் கழுவிட்டுப் போனவ, இண்ணைக்குத்தான் வந்திருக்கா. மாரில அடிச்சுக்கிட்டு, கதவையே பாத்துக்கிட்டு, கொப்புக்கு நேர கீழ இருக்கா. ரெண்டு பொம்பளையள் ஓடிவந்து கையப் பிடிச்சு இழுத்தாவ. ஒதறிட்டா.

"விடுங்கட்டி! அண்ணனுக்க மொகத்தப் பாக்காம நான் இங்கருந்து எந்திரிக்க மாட்டேன். விழுந்தா விழட்டு!"

மக்கா, இங்க கொஞ்சம் கவனிக்கணும். நம்ம எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. மேலருந்து "மாறு, மாறு" எண்ணு விளிப்போம். கேக்காதவங்கள இன்னும் சத்தமா விளிப்போம். நானும் அதத்தான் செஞ்சேன், தொண்டையில ரத்தம் வராத குறை. பொறவுதான் தெரிஞ்சுது, அவளுக்குக் கேக்காம இல்ல. அவளுக்கு வேண்டியது வேற. அந்தக் கதவு தொறக்கணும். அந்தக் கதவு தொறந்தா மட்டும்தான் எழும்புவா. அதத் தொறக்க ஆளு ஒருத்தருதான் உண்டு. அவரு கெழக்கு அறையில நான் சொன்ன பேச்சுக் கேட்டு நல்ல பிள்ளையாப் படுத்துக் கெடக்காரு.

அவர எது எழுப்பும்? கதவத் தட்டினா எழும்ப மாட்டாரு. ஒப்பாரி கேக்காது. அவருக்கு உலகத்துல ஒண்ணே ஒண்ணு போனாத்தான் வலிக்கும். ஒரு ஓடு ஒடையப்பிடாதுன்னு என்னைக் கூப்பிட்ட மனுசன். அந்த ஓட்ட நானே ஒடைக்கணும்.

வலது கைக்கு எட்டுக தூரத்துல மாங்கா. நல்ல கல்லு மாதிரிப் பச்சை. ஒண்ணப் பிச்சுக் கெழக்கு அறைக்குக் குறி வச்சு எறிஞ்சேன். அது போயி மூங்கில்காரனுக்க முதுகுல.

"எறியுகான்வே!"

"விடும். அவனுக்கும் துக்கம் தாங்கல்ல." இது வெத்திலைக் கடைக்காரரு.

அடுத்தது கெணத்துல விழுந்து. அந்த நேரத்துல எனக்க கைக்குறியப் பத்தி நான் நெனச்சத இங்க சொல்ல முடியாது. வடம் கையில அறுக்குது, எறும்பு கக்கத்துக்கு வந்தாச்சு, கீழ அந்தப் பொம்பள அசையல்ல. அடுத்த மாங்காயக் கண்ண மூடிட்டு எறிஞ்சேன். படார் எண்ணு ஒரு சத்தம். உள்ள ஓட்டுத்துண்டு கட்டில்ல விழுந்திருக்கும் போல. பொறவு தாப்பா தெறிச்சு, கதவு தொறந்து, கம்ப ஓங்கிட்டு ஒரு உருவம் வந்து.

"எவன்லே எனக்க ஓட்ட ஒடச்சது?"

மூங்கில் கீழ விழுந்து. மூங்கில் கொண்டுவந்தவன் அதுக்கு முன்னாலயே வாசல் தாண்டியாச்சு. ஒப்பாரி வச்ச பொம்பளையள் வேற மாதிரி விளிச்சாவ. வெத்திலைக் கடைக்காரரு கையெடுத்துக் கும்பிட்டாரு. தங்கையன் ஓடினதுல தோவாளையில பஸ் ஏறினதாத்தான் அடுத்த தகவல். அந்தப் பக்கத்துக்கு அவன் பொறவு வரவே இல்ல.

தங்கச்சி எழும்பினா. ஓடல்ல. பைய, முட்டப் பிடிச்சுக்கிட்டு எழும்பி, கதவப் பாத்து நடந்தா. அவ நடைப்படியில காலு வைக்கதுக்கும், வெட்டுவாய் விட்டுப்போறதுக்கும் சரியா இருந்து. வடம் எனக்க கையப் பொளந்துக்கிட்டுப் போச்சு. கொப்பு விழுந்து. அவ இருந்த எடத்துல விழுந்து. அங்க ஒரு தென்னோலை கெடந்துல்லா, பாடைக்குக் கொண்டுவந்தது, அது மண்ணோட மண்ணாப் போச்சு.

தூசி அடங்கி நான் கண்ணத் தொறந்தா, கொப்பு விழுந்ததுல ஓடு ஒண்ணுக்கும் கேடு இல்ல. கொப்பு தட்டின எடத்துலகூட ஒரு கீறல் இல்ல. ஊருல எவனும் ஒடைக்காத ஓட்ட, ஒடைக்காம இருக்கதுக்குக் கூலிக்கு வந்தவன் ஒடச்சான். அந்த ஒண்ணுதான்.

அண்ணனும் தங்கச்சியும் நேருக்கு நேரா நிக்காவ.

"ஏட்டி, நீ எங்க இங்க?"

"அண்ணன் போயிட்டாருன்னு சொன்னாவ."

அவ வாயப் பாத்தே அவருக்கு வெளங்கிட்டு. "அப்பம் நான் செத்தாத்தான் வருவியோ?"

"ஆமா. ஒப்பாரியிலயாவது மொதப் பந்தி கிட்டுமான்னு பாக்க வந்தேன்."

சொல்லிட்டு வெடுக்குன்னு திரும்பி தெருவாசலப் பாத்து நடந்தா. போக முடியல்ல. கொப்பும் கெளையுமா கெணத்துலருந்து வாசல் வரைக்கும் அடச்சுக் கெடக்கு. மத்தவங்க அது மேல ஏறிச் சாடிப் போயிட்டாவ. இவளுக்கு முட்டு வலி. வந்து துணி தொவைக்க கல்லுல, அண்ணனுக்கு முதுகக் காட்டிக்கிட்டு இருந்தா. "ஏலே, சீக்கிரம் வெட்டி வழிய விடு" எண்ணு எனக்கு உத்தரவு.

நான் எறங்கி வெட்டுகத்திய எடுத்தா, பிடிக்க முடியல்ல. எறும்பு கடிச்சும் வடம் அறுத்தும் கை ரெண்டும் பணியாரம் மாதிரி வீங்கிக் கெடக்கு. ஒரு கெளைக்கு ஒரு நாழி. பின்னால அந்த ஊருல என்ன பேச்சு தெரியுமா? "அந்த மரக்காரன் புத்திசாலி வே. அண்ணனும் தங்கச்சியும் பேசட்டுன்னு வேணும்னே மெதுவா வெட்டினான்." நான் ஒண்ணும் சொல்லல்ல. அந்தப் பேருல எனக்கு நாலு வருசம் சோலி கிட்டிச்சு. கோடாலிச் சத்தத்துல கிட்டாதது கை வீங்கினதுல கிட்டிச்சு.

ரெண்டுபேரும் நேரப் பேசல்ல. எல்லாம் எனக்க தலை வழியாத்தான்.

"ஏ மரக்காரா, அவகிட்டக் கேளு, வெயில்ல எதுக்கு இருக்கா, உள்ள வந்தா ஓடு இடிஞ்சு விழுமாக்கும் எண்ணு."

"சொல்லு, ஒரு ஓடு இப்பம்தான் விழுந்துண்ணு."

"வீட்டுல ஆரும் இல்ல, மகன் குழித்துறைக்குப் போயிருக்கான் எண்ணு சொல்லு."

அவ கல்லப் பாத்துக்கிட்டே, "காலம்பற என்னத்தையாவது குடிச்சாரான்னு கேளு."

நான் போயி அவரு காதுக்குள்ள சத்தமாக் கேட்டேன். "தண்ணி விட்ட பழையது இருக்கு, எடுத்து வைக்க ஆளு இல்ல" எண்ணாரு. அது எனக்க வாயால போறதுக்கு முன்னாலயே அவளுக்குக் கேட்டாச்சு. ஆனா எழும்பல்ல. நான் திரும்ப வந்து வெட்டினேன்.

ஒருவழியா வாசல் தெளிஞ்சு. இலைகூட இல்லாமத் தூத்தும் விட்டேன். "ஆச்சி, வழி ஆச்சு, போலாம்" எண்ணேன்.

அவ வாசலப் பாத்தா. கதவப் பாத்தா. பொறவு முற்றத்துக்கு அந்தப் பக்கம், வேலியோரம் தெறிச்சுக் கெடந்த ஒரு சுள்ளியக் காட்டினா.

"அது கெடக்குல்லா. தடுக்கும்."

அது வாசலுக்கும் எதுக்கும் சம்பந்தமில்லாத எடம். ஆடுகூட அங்க போவாது. நான் வெட்டுகத்திய எடுத்துக்கிட்டு அங்க போனேன். போயி, இந்த வீங்கின கைய வச்சு, அத எவ்வளவு துண்டா வெட்ட முடியுமோ அவ்வளவு துண்டா வெட்டினேன். திரும்பிப் பாத்தப்பம் தொவைக்க கல்லு காலி. அடுக்களையிலருந்து, "உப்பு எங்க வச்சிருக்காவ இந்த வீட்டுல?" எண்ணு சத்தம். இந்தத் தடவை அத அவருகிட்டச் சொல்லு எண்ணு எங்கிட்ட ஆரும் சொல்லல்ல.